தன்பாலீர்ப்புடைய பெண் துப்பறிவாளரை வைத்துக் குற்றப் புனைவு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

லெஸ்பியன் பெண் ஒருத்தியைத் தனியார் துப்பறிவாளராகக் கொண்டு நாவலோ நெடுங்கதையோ எழுத முனைபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அப்படி ஒரு நாவலை நான் மூன்று முறை அடித்தெழுதி முடித்திருக்கிறேன். அதன் பிறகு, புதிதாக எழுத வந்த சிலரின் கைப்பிரதிகளைப் படித்துக் குறிப்புச் சொல்லும் வாய்ப்பும் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தன. துப்பறிவாளரின் பாலீர்ப்பு ஒரு பக்கம் நின்றது, வழக்கு மறுபக்கம் நின்றது, இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. எழுதியவர்கள் திறமையானவர்களே. முதலில் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததால்தான் அந்தப் பிளவு ஏற்பட்டது. ஆகவே இங்கே வரிசைக்கே முதலிடம் தருகிறேன்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இந்த வகை நாவல்கள் நான்கைந்தையாவது பென்சிலும் கையுமாகப் படித்து முடித்திருக்க வேண்டும். கதையை ரசிப்பதற்காக ஒரு முறையும், குறிப்பெடுப்பதற்காக இன்னொரு முறையும் படியுங்கள். இரண்டாம் வாசிப்பில் மூன்றை மட்டும் குறித்தால் போதும்: துப்பறிவாளரின் பாலீர்ப்பு எந்தப் பக்கத்தில் வாசகருக்குத் தெரிகிறது, கதைக்குள் யாருக்கெல்லாம் தெரிகிறது, அது தெரிந்ததால் விசாரணையில் என்ன மாறுகிறது.

மூன்றாவது கேள்விக்கு எத்தனை இடங்களில் விடை கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், நல்ல நாவல்களுக்கும் சாதாரணமானவற்றுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கதையைத் திட்டமிட வேண்டும்.

இதனோடு ஒரு தனிக் குறிப்பேடும், கதை நடக்கும் ஊரின் சட்டங்களைப் பற்றிய அடிப்படை அறிவும் தேவை. சட்டம் எதற்கு என்ற கேள்விக்கு மூன்றாம் படியில் விடை வரும்.

2. துப்பறிபவரின் தொழிலை முதலில் முடிவு செய்யுங்கள்

பாத்திரத்தின் குணத்தையும் காதலையும் முதலில் எழுதிவிட்டுத் தொழிலைப் பிறகு ஒட்டவைப்பது பரவலான பிழை. எந்தக் கதவு அவளுக்குத் திறக்கும், எது திறக்காது என்பதைத் தொழிலே தீர்மானிக்கிறது என்பதால் அதை முதலில் முடிவு செய்வதே முறை.

கேத்ரின் வி. ஃபாரஸ்ட் 1984இல் வெளியிட்ட ‘அமெச்சூர் சிட்டி’ நாவலின் கேட் டெலஃபீல்ட், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் கொலை வழக்குகளை விசாரிப்பவள். அவளிடம் அதிகாரம் உண்டு, ஆய்வகம் உண்டு. ஆனால் தன் வாழ்வை உடன் பணிபுரிபவர்களிடமிருந்து மறைக்க வேண்டியிருக்கிறது. வால் மெக்டெர்மிட்டின் ‘ரிப்போர்ட் ஃபார் மர்டர்’ (1987) நாவலில் வரும் லிண்ட்சே கார்டன் பத்திரிகையாளர். கேள்வி கேட்பதற்கு அவளுக்குத் தொழில்முறைக் காரணம் உண்டு. பதில் சொல்லும் கடமை எதிரில் இருப்பவருக்கு இல்லை. ஜே. எம். ரெட்மன் 1990இல் அறிமுகப்படுத்திய நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மிக்கி நைட், கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்கை ஏற்கும் தனியார் துப்பறிவாளர்.

இந்த மூன்றாம் வகையைத் தேர்ந்தால் அவளிடம் என்ன இல்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனையிடும் ஆணை அவளிடம் இல்லை. கைரேகைப் பதிவுகள் இல்லை. யாரையும் விசாரணைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மனிதர்கள் தாமாக வாய் திறந்தால்தான் அவளுக்கு வேலை நடக்கும். அதனால் யார் அவளை நம்புகிறார்கள், யார் அவளைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்பதே அவளுடைய முதலீடும் நட்டமும் ஆகிறது. அவளது பாலீர்ப்பு தொழிலின் நடுவே வந்து அமர்வது இந்த இடத்தில்தான். அதிகாரமுள்ள காவலருக்குக் கிடைக்காத நெருக்கடியும் வாய்ப்பும் இவளுக்குக் கிடைக்கின்றன.

தொழிலின் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் உரிமம் பெற வேண்டுமானால் மூன்று ஆண்டுகள், அதாவது 6,000 மணி நேரம், புலனாய்வு அனுபவம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இங்கிலாந்தில் உரிமம் இன்றியே இத்தொழிலைச் செய்யலாம். அமெரிக்காவில் பிறர்போல் நடித்து ஒருவரின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளைப் பெறுவதை 2006ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய, கலிஃபோர்னியாவில் பேசும் எல்லோருடைய இசைவும் வேண்டும்; நியூயார்க்கில் ஒருவரின் இசைவே போதும். இவற்றை அறியாமல் எழுதினால், இறுதி அத்தியாயத்தில் கொலையாளியின் வாக்குமூலம் பதிவாகும் காட்சி வலுவிழந்துவிடும்.

புதியவர்கள் பலர் இத்தடைகளைத் தாண்ட, கேட்டதையெல்லாம் கொடுக்கும் ஒரு காவல்துறை நண்பரைப் படைத்துவிடுகிறார்கள். அந்த நண்பரை நீக்கிவிட்டு ஒரு முறை திட்டமிட்டுப் பாருங்கள். துப்பறிவாளர் நடந்தும் காத்திருந்தும் பேசியும் பெறும் தகவலில்தான் கதை இருக்கிறது.

3. ஊரையும் ஆண்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்

ஒரு ரகசியத்தின் எடை, அது வெளிப்பட்டால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது. அந்த இழப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. 1990களின் அமெரிக்காவில் தன் இணையை மணக்க முடியாத ஒரு பெண்ணுக்கு, வாழ்க்கைத் துணைக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை கிடையாது. தன்பால் திருமணத்தை நாடெங்கும் அனுமதித்த 2015ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மணந்துகொண்டவளுக்குப் பல மாநிலங்களில் அந்த உரிமை உண்டு. அதே இரண்டு பெண்கள், அதே குற்றம். ஆனால் நீதிமன்றக் காட்சி வேறாகிவிடுகிறது. ‘இக்காலம்’ என்று மட்டும் குறித்துக்கொண்டு தொடங்கியவர்களின் பிரதிகளில், 1985க்குரிய அச்சமும் 2020க்குரிய சுதந்திரமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வரும் படிகளை விளக்க ஒரு மாதிரிக் கதையைக் கட்டிக்கொண்டே போகிறேன். இடம் மான்செஸ்டர், ஆண்டு 1998. ஐம்பதைக் கடந்த ஒரு பெண் தன் வீட்டு மாடிப்படியிலிருந்து விழுந்து இறக்கிறாள். விபத்து என்று காவல்துறை கருதுகிறது. அதே வீட்டில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கும் பள்ளி ஆசிரியையை வெளியேறச் சொல்கிறான் இறந்தவளின் தம்பி. ஆசிரியை ஒரு துப்பறிவாளரைத் தேடி வருகிறாள். தன்னை வாடகைக்குக் குடியிருந்தவள் என்று சொல்லிக்கொள்கிறாள்.

ஏன் 1998? அந்த ஆண்டில் பிரிட்டனில், உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்ற 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. இங்கிலாந்தில் அது நீக்கப்பட்டது 2003இல்தான். அப்பிரிவின் கீழ் எந்த ஆசிரியர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை என்றாலும் அச்சம் பள்ளிகளெங்கும் இருந்தது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கும் விதிகளும் 2003 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. பெண் இணையர் சட்டப்படி பதிவு செய்துகொள்ளும் வழி 2005 டிசம்பர் வரை இல்லை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து மணத்துணைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களும் பெற்றோரும் இல்லாதபோது உடன்பிறந்தோருக்கும் போகும். பதினான்கு ஆண்டு கூட வாழ்ந்தவளுக்குத் தானாக எதுவும் வராது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கதையின் பாதி தானே உருவாகிவிடுகிறது. ஆசிரியை ஏன் பொய் சொல்கிறாள், தம்பிக்கு என்ன ஆதாயம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நாம் எதையும் வலிந்து புனைய வேண்டியதில்லை.

4. ‘யாருக்குத் தெரியும்’ பட்டியலைப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள்.

பெரிய தாள் ஒன்றில் எல்லாப் பாத்திரங்களின் பெயரையும் கீழ்நோக்கி எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே நான்கு விடைகள் வேண்டும். துப்பறிவாளர் லெஸ்பியன் என்பது இவருக்குத் தெரியுமா? தெரிந்தால் எப்படித் தெரியும்: அவளே சொன்னாளா, பிறர் சொன்னார்களா, ஊகமா? இவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா? தெரிந்ததை வைத்து இவர் என்ன செய்யக்கூடும்?

மூன்றாம் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கதையில் பதற்றம் பிறப்பது அங்கேதான். ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அது அவளுக்குத் தெரியவில்லை என்றால், அவர் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் இன்னொரு பொருள் ஓடும். எதிரில் இருப்பவருக்குத் தெரியும் என்று அவள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தாலோ, சொல்லக்கூடாததை அவளே சொல்லிவிடக்கூடும்.

அடுத்து, இதே பட்டியலை இறந்தவருக்கும் போடுங்கள். மாதிரிக் கதையில் துப்பறிவாளர் ஒளிவுமறைவின்றி வாழ்பவள். அவளுடைய பட்டியலில் ‘தெரியும்’ என்பதே அதிகம். இறந்தவளின் பட்டியலில் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்: ஆசிரியை, உயில் எழுதிய வழக்குரைஞர், தம்பி. தம்பிக்குத் தெரியும் என்பது ஆசிரியைக்குத் தெரியாது. தனக்குத் தெரியும் என்பதைத் தம்பி யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. பட்டியலில் எழுதிய இந்த இரண்டு வரிகள் நாவலின் முழு முடிச்சாகிவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பெண் தன்னை வெளிப்படுத்திக்கொள்வதை வாழ்வில் ஒரே ஒரு முறை நிகழும் பெரிய அறிவிப்பாகக் காட்டுவது புதியவர்களின் வழக்கம். நடைமுறையில் அது நாள்தோறும் எடுக்க வேண்டிய சிறு முடிவு. புது வாடிக்கையாளர், புது வீட்டு உரிமையாளர், மருத்துவமனைப் படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டம் என ஒவ்வோர் இடத்திலும் சொல்வதா, விடுவதா என்று கணக்கிட வேண்டியிருக்கிறது. தனியார் துப்பறிவாளர் தினமும் புதியவர்களின் வாசலில் நிற்பவள் ஆதலால் அவளுக்கு இந்தக் கணக்கு மற்றவர்களைவிட அதிகம். பட்டியல் கையில் இருந்தால் ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கணக்கை எந்த அளவுக்குக் காட்ட வேண்டும் என்பது தெளிவாகும்.

5. குற்றத்தைப் பின்னிருந்து கட்டுங்கள்

இப்போதுதான் குற்றத்துக்கு வருகிறோம். கொலையாளியின் நாள்குறிப்பை அவன் கோணத்திலிருந்து, நாவலில் வராத பகுதி உட்பட, முழுதாக எழுதுங்கள். எப்போது முடிவெடுத்தான், எதை நம்பினான், எங்கே தவறினான் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

மாதிரிக் கதையில் இறந்தவள் 1995இல் ஓர் உயில் எழுதி, வீட்டை ஆசிரியைக்குக் கொடுத்திருக்கிறாள். மூல உயில் வீட்டில் இருந்தது, நகல் வழக்குரைஞரிடம் இருக்கிறது. தம்பி அக்காவைத் தள்ளிவிட்டு மூலத்தை எரித்துவிடுகிறான். நகல்தான் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில், எழுதியவர் கையிலேயே கடைசியாக இருந்த உயில் இறப்புக்குப் பின் கிடைக்கவில்லை என்றால், அவரே அதை ரத்து செய்யும் எண்ணத்தோடு அழித்துவிட்டார் என்று முதலில் கொள்ளப்படும். அதை மறுக்க வேண்டுமானால், அவர் மனம் மாறவில்லை என்பதற்குச் சான்று காட்ட வேண்டும்.

ஆசிரியையிடம் உள்ள சான்று ஒன்றே: இறந்த நாள்வரை இருவரும் இணையராக வாழ்ந்தார்கள் என்பது. அதை நீதிமன்றத்தில் சொன்னால் அவளுடைய வேலைக்கு ஆபத்து. அவள் சொல்லமாட்டாள் என்பதுதான் தம்பியின் கணக்கு.

எந்தக் கதைக்கும் பொருந்தும் சோதனை இதிலிருந்து கிடைக்கிறது. உங்கள் பாத்திரங்களை எதிர்பாலீர்ப்புடையவர்களாக மாற்றிவிட்டுக் குற்றத்தை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். எந்த மாற்றமும் இன்றி ஓடினால், பாலீர்ப்பு வெறும் அலங்காரமாக இருக்கிறது. மறுபுறம், ‘அவள் லெஸ்பியன்’ என்பதே இறுதி அத்தியாயத்தில் அவிழும் மர்மமாக இருந்தால், ஒரு மனிதரின் இயல்பைக் குற்றத்தின் இடத்தில் வைத்துவிட்டீர்கள். மாதிரிக் கதையில் இருவரின் உறவு மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். உறவைப் பற்றித் தம்பிக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் இறுதிவரை மறைந்திருக்கும்.

6. வழக்கைக் கொண்டுவருபவரையும் காதலையும் பிரித்து வையுங்கள்

தனியார் துப்பறிவாளர் கதைகளில் அழகிய வாடிக்கையாளர் வந்து நாயகனை மயக்குவது பழைய வழக்கம். நாயகனின் இடத்தில் பெண்ணை வைத்துவிட்டு அதே காட்சியை அப்படியே எழுதுபவர்கள் உண்டு. அப்போது ஆணின் பார்வையே அவள் கண்ணிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது: முதலில் கால், பிறகு உதடு, கடைசியாகப் பெயர். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கவனிக்கும்போது எதை முதலில் பார்ப்பாள் என்று உங்கள் பாத்திரத்தைக் கேட்டு எழுதுங்கள். என் நாவலில் அவள் முதலில் கவனித்தது, வந்தவள் நாற்காலியை எவ்வளவு ஓசையின்றி இழுத்தாள் என்பதை.

வாடிக்கையாளரோடு காதல் வேண்டும் என்றால் அதற்கான விலையையும் கதையில் வையுங்கள். பணம் கொடுப்பவரிடம் மனமும் கொடுத்துவிட்ட துப்பறிவாளர், அவருக்கு எதிரான துப்பைத் தாமதமாகவே காண்பாள். அந்தத் தாமதம் வழக்கில் எதையாவது கெடுக்க வேண்டும். எதையும் கெடுக்காத காதல் கதைக்கு வெளியே நிற்கும்.

காதல் தொடங்கும் கதைதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாண்ட்ரா ஸ்கொப்படோன் 1991இல் அறிமுகப்படுத்திய நியூயார்க் துப்பறிவாளர் லாரன் லொரானோவுக்குக் கிப் என்ற நெடுநாள் இணை இருக்கிறாள். நிலைத்த இல்லறம் உள்ள துப்பறிவாளருக்கு, தாமதமாக வீடு திரும்புவது, வழக்கைப் பற்றி எவ்வளவு சொல்வது, ஆபத்து வீட்டு வாசல்வரை வந்தால் என்ன செய்வது என்று வேறு வகையான சிக்கல்கள் இருக்கின்றன. தொடர் நாவல்களாக எழுதும் எண்ணம் இருந்தால் இதுவே நெடுந்தூரம் தாங்கும் என்பது என் கருத்து.

7. துப்புகளை விதையுங்கள்

துப்பு வாசகரின் கண்முன்னே கிடக்க வேண்டும். ஆனால் அதன் பொருள் துப்பறிவாளருக்கு முதலில் புலப்பட வேண்டும். லெஸ்பியன் துப்பறிவாளர் இந்த இடத்தில் பெறும் பலம் தனித்தன்மை உடையது: தன் வாழ்வில் தானே செய்த ஒன்றை அவள் இன்னொரு வீட்டில் அடையாளம் காண்கிறாள்.

ஆசிரியை தன் அறை என்று காட்டும் அறைக்குள் துப்பறிவாளர் நுழைகிறாள். கட்டில் விரிப்பில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. தலைமாட்டு விளக்கின் பல்பில் தூசி. அலமாரியில் வெறும் கொக்கிகள். காவலர்களும் இதையெல்லாம் பார்த்தார்கள்; ஒழுங்கானவள் என்று எண்ணிக்கொண்டார்கள். துப்பறிவாளருக்கோ தன் தாய் வரும் நாட்களில் தானும் தன் இணையும் அவசரமாக ஒப்பனை செய்து வைத்த இரண்டாம் படுக்கையறை நினைவுக்கு வருகிறது.

விரிப்பையும் பல்பையும் கொக்கிகளையும் ஒரு அத்தியாயத்தில் எழுதுங்கள். பொருளை அடுத்த அத்தியாயத்தில் சொல்லுங்கள். ஒரே பத்தியில் இரண்டையும் எழுதினால் வாசகருக்குச் சிந்திக்க இடமில்லை. பொருளை மட்டும் எழுதிவிட்டுக் காட்சியை மறைத்தால் அது நேர்மையன்று. ‘எனக்கு ஏனோ தோன்றியது’ என்று உள்ளுணர்வின் மேல் பழி போடுவதும் ஏற்கத்தக்கதன்று. அனுபவத்திலிருந்து பிறந்த அறிவை உள்ளுணர்வு என்று சொல்வது அவளைக் குறைத்துக்காட்டுவதாகும்.

கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் துப்பு இன்னும் நுட்பமாக இருக்க வேண்டும். தம்பி, ஆசிரியையின் பொருட்களைப் பெட்டிகளில் கட்டி வாசலில் வைத்துவிடுகிறான். பெட்டிகளைப் பிரித்தால் அவளுடைய உடைகள், மூக்குக்கண்ணாடி, பாதி படித்த புத்தகம் எல்லாம் ஒன்றுகூடத் தவறாமல் இருக்கின்றன. வாசகர் இதை ஒரு கொடுமையான காட்சியாக மட்டும் படிப்பார். ஆனால் அந்த ‘வாடகை’ அறையில் பொருள் எதுவும் இல்லை. எல்லாம் பெரிய படுக்கையறையில், இறந்தவளின் பொருட்களோடு கலந்திருந்தன. வாடகைக்கு இருந்தவள் என்று நம்பும் ஒருவன் பெரிய படுக்கையறை அலமாரியைத் தொட்டிருக்கவே மாட்டான். கட்டிலின் எந்தப் பக்கம் யாருடையது என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான்காம் படியில் போட்ட பட்டியலின் ஒரு வரி, பெட்டிகளின் வடிவில் வாசலில் வந்து நிற்கிறது.

8. மற்றப் பாத்திரங்களைப் பரப்புங்கள்

கதையில் ஒரே ஒரு லெஸ்பியன் பெண் மட்டும் இருந்தால், அவள் செய்யும் ஒவ்வொரு செயலும் எல்லா லெஸ்பியன் பெண்களையும் பற்றிய தீர்ப்பாக வாசிக்கப்படும். மூன்று நான்கு பேர் இருந்தால், ஒருத்தி கோழையாகவும் ஒருத்தி பேராசைக்காரியாகவும் ஒருத்தி நல்லவளாகவும் இருக்கலாம். இது எழுத்தாளருக்குத் தரும் சுதந்திரம் பெரிது.

இறப்பவர் லெஸ்பியன், கொன்றவரும் லெஸ்பியன், அவர்களுக்கு நல்லமுடிவு கிடையாது என்ற வார்ப்பு, குற்றப் புனைவில் தேய்ந்துபோன ஒன்று. இறந்தவள் லெஸ்பியனாக இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மாதிரிக் கதையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அப்போது அவள் வாழ்ந்த பதினான்கு ஆண்டுகளும் பக்கங்களில் தெரிய வேண்டும். உயிரோடு இருப்பவர்களில் சிலர் நிறைவாக வாழ்வதும் தெரிய வேண்டும். துப்பறிவாளரின் கோபத்தைக் கிளறுவதற்காக மட்டும் அவளுடைய இணையைப் பத்தாம் அத்தியாயத்தில் கொன்றுவிடாதீர்கள்.

9. சொற்களை யார் வாயில் வைக்கிறோம் என்று பாருங்கள்

‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் ஒரு வாழ்க்கையை உடல் செயலாக மட்டும் சுருக்கிவிடுகிறது. பழைய நாளிதழ்ச் செய்தியாகவோ, பகை கொண்ட பாத்திரத்தின் பேச்சாகவோ அது வரலாம். கதைசொல்லியின் சொல்லாக வரக்கூடாது. கதைசொல்லிக்குத் ‘தன்பாலீர்ப்பு’ என்பதும், பாத்திரங்களின் பேச்சுக்கு ‘லெஸ்பியன்’ என்பதும் இயல்பாகப் பொருந்துகின்றன. ஒரே சொல்லைப் பாத்திரங்கள் எல்லோரும் பயன்படுத்தினால் அவர்களின் நிலைப்பாடு வாசகருக்குத் தெரியாமல் போகும்.

தமிழில் எழுதுபவருக்கு வாய்த்த ஒரு கருவி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ‘அவர்’ என்ற சொல் பாலைக் காட்டாது. ‘வீட்டில் அவர் காத்திருப்பார்’ என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர் கணவனை எண்ணிக்கொள்வார். அவள் பொய் சொல்லவில்லை. கேட்பவரின் எண்ணமே அவளுக்குத் திரையாகிறது. துப்பறிவாளர் ஓரிரு இடங்களில் இதைப் பயன்படுத்தலாம். வாசகரையே ஏமாற்றி இருபது பக்கம் கழித்து வியப்பூட்டுவதற்குப் பயன்படுத்தினால், ஐந்தாம் படியில் சொன்ன பிழைக்குள் விழுவீர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் பயனுள்ளது. மாதிரிக் கதையில் ஆசிரியை, வயதில் மூத்தவரும் வீட்டுக்கு உரிமையாளருமான இறந்தவளைப் பற்றிக் காவலரிடம் ‘அவர் மாலையில் வெளியே போயிருந்தார்’ என்றுதான் சொல்வாள். துப்பறிவாளரிடம் பேசும்போது, சாவிக்கொத்தைக் கையில் எடுத்ததும், ‘அவள் எப்போதும் இதை மறந்துவிடுவாள்’ என்று வாய் தவறி வருகிறது. வாடகைக்கு இருந்தவள் அந்த ஒருமையைச் சொல்லியிருக்க மாட்டாள். ஆங்கிலத்தில் இந்தத் துப்பை இப்படி வைக்க முடியாது. ஆனால் இது வேலை செய்ய வேண்டுமானால், அதுவரையுள்ள எல்லாப் பக்கங்களிலும் அவர், அவள் என்ற வேறுபாட்டை ஒரு இடத்திலும் பிசகாமல் காத்திருக்க வேண்டும். பிழைதிருத்துபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். இல்லையெனில், எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

10. காட்சிகளை எழுதும் வரிசை

முதலில் விசாரணைக் காட்சிகளை மட்டும் தொடர்ச்சியாக எழுதி முடியுங்கள். வீட்டுக் காட்சிகளையும் காதல் காட்சிகளையும் பின்னர் எழுதுங்கள். விசாரணை தனியாக நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் கலந்து எழுதினால், தொய்ந்துபோன விசாரணையைக் காதல் காட்சி மறைத்துவிடும்.

வீட்டுக் காட்சிகளைச் செருகும்போது ஒவ்வொன்றிலிருந்தும் வழக்குக்கு ஏதாவது ஒன்று போக வேண்டும்: ஒரு நினைவு, ஒரு கேள்வி, ஒரு தவறான முடிவு. அந்தரங்கக் காட்சிகளின் நீளத்தைத் தீர்மானிப்பதும் இதே அளவுகோல்தான்.

11. திருத்தமும் முதல் வாசகர்களும்

முதல் திருத்தத்தில் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது தெரிந்தது என்பதை மட்டும் சரிபாருங்கள். இரண்டாவதில் சட்டமும் ஆண்டும். மூன்றாவதில் மட்டுமே மொழிநடை. மொழிநடையை முதலில் செதுக்கியவர்கள், பின்பு நீக்க வேண்டிய அத்தியாயத்தை நீக்க மனம் வராமல் தவிப்பதைக் கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறே ஓர் அத்தியாயத்தைத் தேவையில்லாமல் ஓராண்டு சுமந்தேன்.

பிரதியை முதலில் குற்றப் புனைவு வாசகர் ஒருவரிடம் கொடுத்து, கொலையாளியை எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தார் என்று மட்டும் கேளுங்கள். அதைச் சரிசெய்த பிறகு, தன்பாலீர்ப்புடைய பெண்கள் இருவரிடமாவது கொடுங்கள். ஒருவர் மட்டும் போதாது. ஒருவரின் வாழ்வே எல்லோருடைய வாழ்வும் ஆகிவிடாது. அவர்களின் நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் இவள் உங்களுக்கு அந்நியமாகத் தெரிந்தாள்’ என்று கேட்டு, அவர்கள் காட்டும் பக்கத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைக் காட்டினால் அந்தக் காட்சியைத் திருத்த முயலாமல், பட்டியலுக்குத் திரும்பிப் போய் அந்தக் காட்சியில் வருபவர்களின் நான்கு விடைகளையும் மீண்டும் எழுதிவிட்டு, காட்சியைப் புதிதாகத் தொடங்குங்கள்.